‘உங்கள் காலத்துக்கு இது போதும்’ என்று சொல்பவரிடம் பழைய வீட்டை ஒப்படைக்காதீர்கள்

கும்பகோணம் வட்டாரத்தில் பூர்வீக வீடு ஒன்றை வைத்துக்கொண்டு, பணி ஓய்வுக்குப் பிறகு அதைச் சீர்செய்து குடியிருக்கலாம் என்று எண்ணியிருக்கும் என் வயதுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். ‘முதியோருக்கு ஏற்ற வகையில் பழைய வீடுகளைப் புதுப்பித்துத் தருகிறோம்’ என்று விளம்பரம் செய்யும் ஒப்பந்தக்காரர் ஒருவர், எங்கள் வீட்டைக் கெடுத்து, பணத்தையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருப்பதால் அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் செய்த வேலையை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். இதே வேலையை வேறு பலரும் செய்துவருகிறார்கள் என்பதால் அதுவே பயன்படும்.

வீடு என் தாத்தா 1920களில் கட்டியது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த ஒன்றரை அடிச் சுவர்கள், திண்ணை, ரேழி, கூடம், முற்றத்தைச் சுற்றி நாட்டு ஓடு வேய்ந்த தாழ்வாரம், முன்கட்டில் மட்டும் மெட்ராஸ் டெரஸ் மாடி. தேக்குக் கட்டைகளின் மேல் சிறிய செங்கற்களை மூலைவாட்டாக நெட்டுக்குத்தாய் நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டோடு பதித்த தளம் அது. எங்களுக்குத் தேவைப்பட்டவை சிலவே. கொல்லையிலிருந்த கழிவறை வீட்டுக்குள் வரவேண்டும், மாடியின் ஒழுகல் நிற்கவேண்டும், படிகள் முழங்காலுக்குத் தோதாக இருக்கவேண்டும். என் மனைவி எதையும் சிரித்துக்கொண்டே சொல்லும் சுபாவம் உள்ளவள். “வீட்டுக்கும் நமக்கும் சேர்த்தே ஒரு ரிப்பேர் பார்த்துடலாம்” என்றுதான் இந்த வேலையைத் தொடங்கிவைத்தாள்.

வீட்டைப் பார்க்க வந்த ஒப்பந்தக்காரரிடம், சுவர்ப் பூச்சு சுண்ணாம்பிலேயே இருக்கவேண்டும் என்று சொன்னோம். “சுண்ணாம்பு வேலைக்கு ஆளும் கிடைக்காது, நாளும் ஆகும் சார். சிமெண்ட் பூசினால் உங்கள் காலத்துக்குத் தாராளமாகப் போதும்” என்றார். “எங்க காலம் எவ்வளவுன்னு ஜாதகம் பார்த்துட்டுத்தான் வந்தீங்களா?” என்று என் மனைவி கேட்டதும் அவரும் சிரித்துவிட்டு, சுண்ணாம்பே பூசித் தருவதாக ஒப்புக்கொண்டார். பிறகு வந்த மதிப்பீட்டில் ‘பூச்சு வேலை, மொத்தம்’ என்று ஒரே வரியும் அதற்கு எதிரே ஒரு தொகையும் மட்டும் இருந்தன. பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டவேண்டியிருக்கும் என்று சொல்லி, பில்லையும் தவிர்த்தார். வேலை நடந்த காலத்தில் தூசிக்குள் இருக்க வேண்டாம் என்று எங்களை மகள் வீட்டுக்குப் போகச் சொன்னவரும் அவரே. மூன்றில் இரண்டு பங்குப் பணம் கைமாறிய நிலையில் நாங்கள் கோயம்புத்தூரில் இருந்தபோது, பழைய காரை முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்ட்டைப் பூசி, அதன்மேல் நீர் புகாத பெயிண்ட் அடித்து முடித்துவிட்டார்.

இதனால் என்ன ஆகும் என்பதைப் பழைய வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்கு அடியில், இன்றைய வீடுகளில் இருப்பதுபோல ஈரத்தடுப்பு எதுவும் கிடையாது. மண்ணிலுள்ள ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறத்தான் செய்யும். நம் டெல்டாவில் வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால், கொல்லைக் கிணற்றில் நீர் மட்டம் உயர்வதை நாமே பார்க்கிறோம். சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் இருப்பதால் ஏறிய ஈரம் அதன் வழியே காற்றில் போய்விடும். சிமெண்ட்டும் பெயிண்ட்டும் அந்த வழியை அடைத்துவிட்டால், ஈரம் சுவருக்குள்ளேயே தேங்கி இன்னும் உயரத்துக்கு ஏறி, தன்னுடன் கொண்டுவரும் உப்பைப் பூச்சுக்கும் செங்கல்லுக்கும் இடையில் விட்டுச்செல்லும். அந்த உப்பு படிகமாகும்போது கெட்டியான சிமெண்ட் அசையாமல் நிற்க, மென்மையான பழைய செங்கல்தான் பொடியாகும். இந்தியத் தொல்லியல் துறை பழைய நினைவுச்சின்னங்களைப் பழுதுபார்க்கும்போது சுண்ணாம்பையே பயன்படுத்துவதற்குத் தகுந்த காரணம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் ஐப்பசி அடைமழைக்கு முன்பே இது தொடங்கிவிட்டது. கூடத்துச் சுவரில் இடுப்பு உயரம் வரை பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. ஒன்றை விரலால் அழுத்தியபோது பெயிண்ட் தோலாக உரிந்து, உள்ளே பஞ்சுபோல வெள்ளை உப்பு பூத்திருந்தது. அதற்குப் பின்னால் நூறு வருடம் நின்ற செங்கல் நகத்தால் சுரண்டினாலே சிவப்பு மாவாக உதிர்ந்தது. ஒப்பந்தக்காரரை அழைத்தபோது, “பழைய வீடென்றால் ஓதம் இருக்கத்தான் செய்யும்” என்று சொல்லி, இன்னொரு கோட் ரசாயனம் அடிக்கத் தனியாகப் பணம் கேட்டார்.

தரைக்கு நேர்ந்தது எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம். கூடத்தில் இருந்தது சிவப்புக் காவித் தரை. வயதானவர்களுக்கு அது வழுக்கும் என்று சொல்லி உடைத்தெடுத்துவிட்டு, பளபளப்பான விட்ரிஃபைடு டைல்ஸைப் பதித்திருக்கிறார். அந்த வகை டைல்ஸ் தன் எடையில் அரை சதவீத அளவுக்குக்கூட நீரை உறிஞ்சாது. ஆகவே முற்றத்திலிருந்து ஈரக்காலோடு வருபவர்களுக்குப் பழைய தரையைவிட இதுதான் ஆபத்து. தரைக்குக் கீழேயுள்ள ஈரமும் மேலே வர வழியில்லாமல் சுவரைத் தேடிப் போகிறது. என் அம்மா தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துத் துடைத்து மெருகேற்றிய தரையை இனி எந்தப் பணம் கொடுத்தும் திரும்பப் பெற முடியாது.

‘முதியோருக்கு ஏற்ற’ வேலைகளின் தரமும் இப்படித்தான். கழிவறையில் கைப்பிடிக் கம்பியை சாதாரண பிளாஸ்டிக் கட்டையில் சிறிய ஸ்குரூ வைத்து முடுக்கியிருந்தார். பழைய சுண்ணாம்புச் சாந்தில் அது பிடிப்பதில்லை. என் மனைவி பிடித்து எழுந்தபோது கம்பி கையோடு வந்துவிட்டது. சுவரில் தோள் சாய்ந்ததால் அடிபடாமல் தப்பினாள். ஆள் முழு எடையையும் போடும் கம்பியைச் சுவரின் மறுபக்கம் வரை துளையிட்டு, இரும்புத் தகடும் போல்ட்டும் வைத்து இறுக்கவேண்டும். வாசலில் ஒன்றரை அடி உயரத்துக்கு 6 அடி நீளத்தில் சாய்தளம் போட்டிருக்கிறார். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் இருக்கவேண்டும் என்பது பொதுவான அளவு. அப்படியென்றால் எங்களுக்கு வேண்டியது 18 அடி. அந்தச் சாய்தளத்தில் இறங்கப் பால்காரரே பயப்படுகிறார்.

மாடிக்குக் கீழே இருந்த தேக்கு உத்திரங்களில் இரண்டைக் கரையான் அரித்துவிட்டது என்று சொல்லி, எங்களைக் கேட்காமலே கழற்றி, இரும்பு உத்திரம் வைத்து, கழற்றிய மரத்தை இடிபாட்டுக் குப்பையோடு லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வைரம் பாய்ந்த பர்மா தேக்கைக் கரையான் எளிதில் தொடாது. அரித்திருக்கிறதா என்பதை ஆசாரி ஒருவர் உளியால் குத்திப் பார்த்தே சொல்லிவிடுவார். காரைக்குடியில் பழைய மரச் சாமான்களுக்கென்றே கடைத்தெரு இருக்கும்போது, நூற்றாண்டுத் தேக்கைக் குப்பை என்று எழுதி எடுத்துச் செல்வதைத் திருட்டு என்றுதான் நான் சொல்வேன். இதைப் பற்றிக் காவல் நிலையத்திலும் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது எங்கள் வீட்டில் வேலை செய்கிறவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு கொத்தனார். கரணைப் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்து, பொக்கென்று சத்தம் வரும் இடங்களுக்கெல்லாம் கரிக்கோடு போட்டார். “வேர்த்த உடம்புல ரப்பர் ஷீட்டைச் சுத்தி வச்ச மாதிரி பண்ணிருக்காங்கய்யா” என்றார். சிமெண்ட் பூச்சைத் தரையிலிருந்து முழுவதும் உரித்துவிட்டு, உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் காய்ந்த பிரஷ்ஷால் மட்டும் தேய்த்தெடுத்து, ஒரு கோடை முழுக்கச் சுவரை வெறுமனே உலரவிடச் சொன்னார். கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் உள்ளேயே போய்விடுமாம். நீற்றிய சுண்ணாம்பு தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கிறது. அதில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைச் சேர்த்து, மெல்லிய பூச்சுகளாக, ஒன்று இறுகிய பிறகு அடுத்தது என்று பூசுவார். என் மனைவியும் அவரும் முழங்கால் வலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று தினமும் வாதாடுகிறார்கள். வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. வீட்டில் மறுபடியும் சிரிப்புச் சத்தம் கேட்கிறது.

பணத்தைப் பற்றி ஒரு சொல். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுக்கவேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதாடலாம். முதலில் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைத்தால் வழி சொல்வார்கள். பில் இல்லாத எங்களுக்குக் கைகொடுத்தவை வங்கி வழியாகப் பணம் அனுப்பிய பதிவுகளும், ‘சுண்ணாம்பு பூச்சு ஓகே சார்’ என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒற்றை வரியும்தான்.

ஆகவே உங்கள் வீட்டுக்கு வருபவரிடம், எந்தச் சுவருக்கு எந்தப் பூச்சு, எந்த விகிதத்தில் என்று தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள். கழற்றும் மரம், ஓடு, கதவு எல்லாம் வீட்டுக்காரருக்கே சொந்தம் என்ற வரியும் அதில் இருக்கட்டும். அவர் சுண்ணாம்பு பூசிய வீடு ஒன்றை ஒரு மழைக்காலம் கழிந்த பிறகு நேரில் போய்ப் பாருங்கள். அப்படி ஒரு வீட்டைக் காட்ட முடியாதவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.