லேபியாபிளாஸ்டி: சில வருடங்கள் கழித்து எழுதும் அனுபவம்

பெண்ணுறுப்பின் உள் இதழ்களின் அளவைக் குறைக்கும் லேபியாபிளாஸ்டி அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டு எனக்குச் சில வருடங்கள் ஆகிவிட்டன. இதைப் பற்றிப் பெண்கள் பகிர்வது பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு மாதங்களோடு நின்றுவிடுகிறது. தையல் கரைந்தது, வீக்கம் வடிந்தது, சந்தோஷம் என்று முடித்துவிடுகிறார்கள். அதற்கு அப்புறம் என்ன ஆகும் என்பதைத்தான் நான் முடிவெடுக்கும் முன் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைத்தது குறைவு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மறைத்து மறைத்து எழுதினால் யாருக்கும் பயன்படாது என்பதால் உறுப்புகளின் பெயரை நேராகவே சொல்கிறேன்.

முதலில் காரணம். என் உள் இதழ்கள் வெளி இதழ்களைத் தாண்டி நன்றாகவே வெளியே வரும். இடப்பக்கம் இன்னும் நீளம். சைக்கிள் ஓட்டினால் சீட்டில் மாட்டி நசுங்கும். ஓட்டப் பயிற்சி செய்தால் உரசி உரசித் தோல் உரிந்துவிடும். இறுக்கமான பேண்ட் போட்டு நடந்தால் ஒரு பக்கம் மடிந்துகொண்டு இழுக்கும். மாதவிடாய் நாட்களில் நாப்கின் ஓரம் பட்டுப் புண்ணாகும். உடலுறவின்போது சில நேரம் உள்ளே இழுபட்டு வலிக்கும். பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ், பெட்ரோலியம் ஜெல்லி, தளர்வான பருத்தி உள்ளாடை, வேறு சீட் என்று எல்லாம் செய்து பார்த்தேன். தொல்லை குறைந்தது, போகவில்லை. இதோடு, பார்க்க நன்றாக இல்லை என்ற எண்ணமும் பருவ வயதிலிருந்தே மனதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வைத்தவர் என் அறுவை சிகிச்சை மருத்துவர். அவர் கேட்ட கேள்வி இதுதான்: "இதை இனிமே யாருமே பார்க்கப் போறதில்லை, நீங்களும் கண்ணாடியில பார்க்கப் போறதில்லைன்னு வச்சுக்குங்க. அப்பவும் இந்த சர்ஜரி உங்களுக்கு வேணுமா?" எனக்கு வேண்டும் என்றுதான் தோன்றியது, உரசல் அப்போதும் இருக்கும் அல்லவா. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் முதலில் மனநல ஆலோசகரிடம் அனுப்பியிருப்பேன் என்றார். உடலில் ஏதோ ஒரு பாகம் அசிங்கமாக இருக்கிறது என்ற எண்ணம் நாள் முழுக்கத் துரத்தும் ஒரு மனநிலை உண்டு. அது இருப்பவர்களுக்குக் கத்தி தீர்வு தராது; ஒன்றைச் சரிசெய்தால் மனம் அடுத்த குறைக்குத் தாவும். இந்தக் கேள்வியைக் கேட்காத மருத்துவரிடம் யாரும் அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அன்றைக்கு அவர் சொன்ன இன்னொரு விஷயத்தை ஒவ்வொரு பெண்ணுக்கும் பதினைந்து வயதிலேயே சொல்ல வேண்டும். இந்த உறுப்புக்கு 'சரியான அளவு' என்று ஒன்று கிடையாது. 2005-இல் பிரிட்டனில் 50 பெண்களை அளந்து வெளியிட்ட ஆய்வில் உள் இதழின் அகலம் 7 மில்லிமீட்டரிலிருந்து 50 மில்லிமீட்டர் வரை இருந்தது. 2018-இல் வந்த சுவிட்சர்லாந்து ஆய்வு 657 பெண்களை அளந்தது. அதிலும் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம். ஒரு பக்கம் நீளமாக இருப்பது, ஓரம் சுருக்கம் சுருக்கமாக இருப்பது, சுற்றியிருக்கும் தோலைவிடக் கருப்பாக இருப்பது, உள் இதழ் வெளியே தெரிவது எல்லாமே இயல்பு. பருவமடையும்போது வளரும், கர்ப்பத்தில் நிறம் கூடும், மாதவிடாய் நின்ற பிறகு மெலிந்து சுருங்கும். படங்களில் நாம் பார்க்கும் வழவழப்பான ஒரே மாதிரி வடிவம் பல நேரம் திருத்தி எடுக்கப்பட்டது. இதைத் தெரிந்துகொண்டாலே அறுவை சிகிச்சை வேண்டாம் என்று திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அது அவர்களுக்கு நல்லதும்கூட.

இந்த மருத்துவரிடம் வருவதற்கு முன் ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். அங்கே என்னைப் பரிசோதிக்கும் முன்பே பேக்கேஜ் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். லேபியாபிளாஸ்டியோடு லேசர் மூலம் 'யோனிப் புத்துணர்ச்சி', இன்ப உணர்வைக் கூட்டும் ஊசி, கன்னிச்சவ்வைத் தைப்பது என்று ஒரு பட்டியல். இவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. லேசர், ரேடியோ அலைக் கருவிகளை இப்படிப் 'புத்துணர்ச்சி' என்று விற்பது பற்றி மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 2018 ஜூலையில் வெளிப்படையாகவே எச்சரித்தது: தீக்காயம், தழும்பு, உடலுறவில் வலி, நீங்காத வலி எல்லாம் வரலாம் என்று. கன்னிச்சவ்வைப் பார்த்து ஒரு பெண் உறவு கொண்டவளா இல்லையா என்று சொல்ல முடியாது. கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு எந்த அறிவியல் அடிப்படையும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் அறிவித்தது. பிரிட்டன் 2022-இல் அந்தப் பரிசோதனையையும் அந்தத் தையலையும் சட்டப்படியே குற்றமாக்கிவிட்டது. பயத்தை விற்கிற இடத்தில் எனக்கு நிற்கவே பிடிக்கவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

செய்முறைக்கு வருவோம். பொதுவாக இரண்டு வழிகள். நீண்டிருக்கும் ஓரத்தை அப்படியே நீளவாக்கில் வெட்டித் தைப்பது ஒன்று. இதில் கருத்த ஓரம் போய்விடும், தழும்பு புதிய ஓரம் முழுக்க வரும், அதிகமாக வெட்டிவிடும் ஆபத்தும் இதில்தான் கூடுதல். இன்னொன்று, நடுவில் 'வி' வடிவத்தில் ஒரு துண்டை எடுத்துவிட்டு மேலும் கீழும் உள்ள பகுதியை இணைப்பது. இயற்கையான ஓரம் மிஞ்சும், தழும்பும் சிறியது. ஆனால் அந்த இணைப்பு இழுபட்டுப் பிரிந்துவிட வாய்ப்பு உண்டு. எனக்கு இரண்டாவது முறை. இதழ்கள் மேலே சேரும் இடத்தில் இருக்கும் உணர்ச்சி மிகுந்த சிறு உறுப்பான கிளிட்டோரிஸுக்கு மேலே இருக்கும் தோல் மடிப்பை என்ன செய்வார்கள் என்றும் மறக்காமல் கேளுங்கள். இதழைக் குறைத்துவிட்டு அதை அப்படியே விட்டால் மேல்பகுதி மட்டும் துருத்தித் தெரியலாம், அதற்காகத் தொட்டாலோ உணர்ச்சி நரம்புகள் அருகில் இருக்கின்றன. நான் அதைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதழையும் எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு என்று கேட்காமல், உரசல் நிற்கும் அளவுக்கு மட்டும் என்றேன். பிறகு இன்னும் கொஞ்சம் எடுக்கலாம், எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

மாதவிடாய் முடிந்த கையோடு தேதி குறித்தார்கள், காயம் கொஞ்சம் ஆறுவதற்குள் அடுத்தது வந்துவிடக் கூடாது என்பதற்காக. புகைபிடிப்பவர்கள் பல வாரங்கள் முன்பே நிறுத்த வேண்டும், ஆஸ்பிரின் போல ரத்தத்தை இளக்கும் மாத்திரைகளைப் பற்றி முன்கூட்டியே சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மரத்துப்போகும் ஊசி, கூடவே தூக்கம் வருவதற்கு மருந்து, அன்றைக்கே வீடு.

முதல் வாரத்துக்குத்தான் யாரும் சரியாகத் தயார்படுத்துவதில்லை. இரண்டாம் மூன்றாம் நாளில் வீக்கம் உச்சத்துக்குப் போகும். முன்பு இருந்ததைவிடப் பெரிதாக, கருநீலமாக, ஒரு பக்கம் ஒரு மாதிரி மறுபக்கம் ஒரு மாதிரி இருக்கும். பார்த்தால் மனம் உடைந்துவிடும். அந்த வாரம் தேவையில்லாமல் கண்ணாடி வைத்துப் பார்க்காதீர்கள் என்று நர்ஸ் சொன்னது நல்ல அறிவுரை. காயத்தைக் கவனிக்க ஒரு முறை பார்த்தால் போதும், அழகைத் தீர்மானிக்கும் நேரம் அது இல்லை.

சிறுநீர் கழிக்கும்போது எரியும். ஒரு பீய்ச்சும் பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துக்கொண்டு, போகும்போதே மேலே ஊற்றிக்கொண்டால் எரிச்சல் பாதியாகும். அப்புறம் துடைக்கக் கூடாது, மென்மையான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஐஸ் பையைத் துணியில் சுற்றிப் பத்து, பதினைந்து நிமிடம் வைத்து எடுக்கலாம். நேரடியாகத் தோலில் வைத்தால் மரத்துப்போன இடத்தில் பனிப்புண் வந்தாலும் தெரியாது. வலி மாத்திரை சிலருக்கு மலச்சிக்கலைக் கொண்டுவரும், முக்கினால் தையலுக்கு ஆகாது. ஆகவே தண்ணீரும் நார்ச்சத்தும் முதல் நாளிலிருந்தே வேண்டும். நிமிர்ந்து உட்காருவதைவிட இடுப்புக்குக் கீழே தலையணை வைத்துச் சாய்ந்து படுப்பது எவ்வளவோ தேவலை. உட்கார்ந்தே பார்க்கும் வேலை என்றாலும் ஒரு வாரமாவது விடுப்பு எடுங்கள், நின்றுகொண்டே செய்யும் வேலை என்றால் இன்னும் கூட.

வலி குறைந்த பிறகு அரிப்பு ஆரம்பித்தது. தையல் கரையத் தொடங்கும் இரண்டு, மூன்று வாரங்களில் அது உயிரை வாங்கும். வலியைவிட எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. அந்தச் சமயத்தில்தான் இடப்பக்க இணைப்பில் ஒரு சிறு இடம் பிரிந்துகொண்டது. பயந்துபோய் ஓடினேன். இது அரிதான விஷயம் இல்லை, உடனே மறுபடி தைத்தால் வீங்கிய திசு தையலைப் பிடித்துக்கொள்ளாது, தானாக ஆறட்டும் என்று மருத்துவர் விட்டுவிட்டார். ஆறியது. அந்த இடத்தில் ஓரத்தில் இன்றும் ஒரு சிறு பள்ளம் இருக்கிறது. காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் வேறு: ஒரு பக்கம் மட்டும் திடீரென்று கல் போல வீங்குவது, நாப்கின் நனைய நனைய ரத்தம், காய்ச்சல், துர்நாற்றத்தோடு சீழ், சிறுநீர் போகவே முடியாமல் இருப்பது. அப்போது நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

ஆறு வாரம் வரை உடலுறவு, டாம்பன், மென்ஸ்ட்ருவல் கப், நீச்சல் எதுவும் கூடாது. சைக்கிள் அதைவிடத் தாமதமாகத்தான். ஆறு வாரம் முடிந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் சில முறை தழும்பு இழுத்தது, பயத்தில் உடம்பே இறுகிக்கொண்டது. லூப்ரிகன்ட்டும் பொறுமையும் வேண்டியிருந்தது, துணைவரிடம் முன்கூட்டியே பேசிவைத்ததும் உதவியது. இறுதி வடிவம் தெரிய ஆறு மாதம் வரை ஆகும். தழும்பு முதலில் கெட்டியாக, சிறு முடிச்சு முடிச்சாக இருந்தது, மெதுவாக மென்மையானது.

இப்போது எப்படி இருக்கிறது? உரசல் போய்விட்டது. நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டுகிறேன், ஓடுகிறேன், உடையை நினைத்துக் கவலைப்படுவதில்லை. இதற்காக மட்டும் கேட்டால், செய்துகொண்டதில் எனக்கு முழுத் திருப்தி. உணர்ச்சி குறையவில்லை, ஆனால் தழும்புக் கோடு மட்டும் சில நாள் வறண்டு லேசாகக் கூசும். இன்பம் கூடியதா என்றால், கூடவில்லை. இழுபட்டு வலிப்பது நின்றது, அவ்வளவுதான். யாராவது இன்பம் கூடும் என்று சொல்லி விற்றால் நம்பாதீர்கள். இரண்டு பக்கமும் இன்றும் ஒரே அளவில் இல்லை. நன்றாக இல்லை என்ற எண்ணம் குறைந்திருக்கிறது. ஆனால் அதில் பெரும் பங்கு அந்த அளவுகளைப் பற்றிய பேச்சுக்குத்தான், கத்திக்கு இல்லை. தோற்றத்துக்காக மட்டும் செய்துகொண்ட ஒரு தோழி, வடிவம் நன்றாக வந்தும், இன்னும் ஏதோ குறை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளை நினைக்கும்போதெல்லாம் அந்த முதல் கேள்வியை அவளிடம் யாராவது கேட்டிருக்கலாமே என்று தோன்றும்.

மகப்பேறு மருத்துவர்களின் தொழில் அமைப்பான அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி 2020-இல் வெளியிட்ட கருத்துரை, அழகுக்காகச் செய்யும் இத்தகைய சிகிச்சைகளின் பலனுக்கும் பாதுகாப்புக்கும் தரமான சான்றுகள் போதவில்லை என்பதை நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது. 18 வயதுக்குள் சாதாரணமாகச் செய்யக் கூடாது என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி 2013-இலேயே சொல்லிவிட்டது. அந்த வயதில் உறுப்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். மகள் கவலைப்படுகிறாள் என்று மருத்துவரிடம் அழைத்துப் போகிற அம்மாக்கள், முதலில் இது இயல்பு என்று அவளுக்குக் காட்டிப் புரியவைக்கும் மகப்பேறு மருத்துவரிடம் போங்கள்.

குழந்தை பெற முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு இதற்குப் பிறகு சுகப்பிரசவம் ஆனது. முதல் பரிசோதனையிலேயே தழும்பு இருக்கும் இடத்தை மருத்துவரிடம் சொல்லிக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். கர்ப்பத்தில் இதழ்கள் கருத்துக் கொஞ்சம் தடித்தன, பிரசவத்தில் தழும்புக்கு அருகே ஒரு சிறு கீறல் விழுந்து, தைக்காமலே ஆறியது. வடிவம் சற்று மாறித்தான் இருக்கிறது. உரசல் திரும்ப வரவில்லை. சீக்கிரமே குழந்தை பெறும் திட்டம் இருப்பவர்கள், அவசரம் இல்லையென்றால், பிரசவம் முடிந்து உடல் நிலைக்கு வந்த பிறகு யோசிக்கலாம்.