ஜிக்பீயா, லோராவானா? பசுமைக் கட்டடத்தில் எதை நம்பலாம்

ஆள் இருக்கும் இடத்தில் மட்டும் ஏசியும் விளக்கும் ஓட வேண்டும் என்பதுதான் பசுமை அலுவலகக் கட்டடங்களின் முக்கியமான கணக்கு. கூட்ட அறையில் ஆள் இருப்பதைக் காட்டும் கார்பன் டை ஆக்சைடு அளவை சென்சார் கம்பியில்லாமல் அனுப்பும். அது வந்து சேராவிட்டால் ஏசி பழைய அளவை நம்பியே ஓடும். எல்லோரும் கிளம்பிய பிறகும் அறை குளிர்ந்துகொண்டிருக்கும். அதனால் சிக்னல் எவ்வளவு தூரம் எட்டும் என்பதைவிட, ஒரு செய்தி தொலைந்தால் என்ன நடக்கும் என்பதுதான் பெரிய கேள்வி.

கருவிக்குக் கருவி செய்தியைக் கைமாற்றும் கம்பியில்லா முறையான ஜிக்பீ இதற்கு நல்ல பதில் வைத்திருக்கிறது. செய்தியைப் பெற்ற கருவி 'வந்தது' என்று பதில் அனுப்பும். பதில் வராவிட்டால் அனுப்பியது மறுபடி முயலும். நெடுந்தூரம் எட்டும் இன்னொரு முறையான லோராவானில் பெரும்பாலான சென்சார்கள் அனுப்பிவிட்டுத் தூங்கப் போய்விடும். ஒப்புதல் கேட்கலாம், ஆனால் எல்லாச் சென்சாரும் கேட்டால், செய்திகளை வாங்கி சர்வருக்கு அனுப்பும் கேட்வே திணறும்.

ஆனால் ஜிக்பீயின் இடம் நெரிசலானது. வைஃபை இருக்கும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ். வைஃபை 1, 6, 11 ஆகிய சானல்களில் இருந்தால் ஜிக்பீயை 15, 20, 25-ல் வைப்பது ஓரளவு நிம்மதி. இன்னொரு சிக்கல் இதைவிட அதிகம் படுத்தும். ஜிக்பீயில் செய்தியைக் கைமாற்றி விடுபவை மின்இணைப்புள்ள கருவிகள், பல இடங்களில் விளக்குகளே. இரவு யாரோ சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால் அந்த விளக்கை நம்பியிருந்த பேட்டரி சென்சார்கள் வேறு வழி தேடி அலையும், பேட்டரியும் கரையும். கைமாற்றும் கருவிகளை யாரும் அணைக்க முடியாத இணைப்பில் வையுங்கள். திரெட் என்ற இன்னொரு கம்பியில்லா முறையும் இதே ரேடியோதான். ஆனால் வெளி இணைப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பார்டர் ரூட்டர்களை வைக்கலாம், ஒன்று செத்தாலும் மற்றது பார்த்துக்கொள்ளும். வேண்டிய சென்சார் கிடைத்தால் புதுக் கட்டடத்துக்கு நான் திரெட்டையே சொல்வேன்.

சரி, லோராவான் எங்கே ஜெயிக்கிறது? அடித்தளத்துத் தண்ணீர் மீட்டரில், மொட்டைமாடித் தொட்டியில். இந்தியாவில் அது 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இயங்குவதால் கான்கிரீட்டைத் தாண்டுவது எளிது. ஒரே செய்தியை இரண்டு கேட்வேகள் கேட்டால் சர்வர் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். எனவே ஒன்று விழுந்தாலும் தரவு வரும். கேட்வேயில் கஞ்சம் பிடித்தால்தான் வினை. எட்டாத சென்சார் எஸ்எஃப்12 என்ற மிக மெதுவான வேகத்துக்கு இறங்கும். வேகமான எஸ்எஃப்7-இல் நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாத சிறு செய்திக்கு அங்கே ஒரு நொடிக்கு மேல் பிடிக்கும். அந்த நேரத்தில் இன்னொரு செய்தி மோதினால் போச்சு. விளக்கை உடனே அணைக்கும் வேலைக்கும் பேட்டரி லோராவான் கருவி ஒத்துவராது. தான் ஏதாவது அனுப்பிய பிறகுதான் அது காது கொடுக்கும்.

பேட்டரியே வேண்டாம் என்பவர்களுக்கு எனோஷன் என்ற கம்பியில்லா முறை உண்டு. அதன் சுவிட்ச், அழுத்தும் விசையிலேயே மின்சாரம் எடுத்து, ஒரே செய்தியைச் சிறு இடைவெளிகளில் மூன்று முறை அனுப்பும். பேட்டரிக் குப்பை சேராது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். வெளிச்சம் படாத ஸ்டோர் ரூமில் அதன் சோலார் சென்சார் மட்டும் வேண்டாம்.

எதை எடுத்தாலும் சிக்னலை காலிக் கட்டடத்தில் அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள். இரும்பு அலமாரிகளும் ஆட்களும் வந்தபின் மறுபடி அளக்க வேண்டும். வெப்பத்தைத் தடுக்கும் உலோகப் பூச்சுக் கண்ணாடியும் ரேடியோவை மறைக்கும். அப்புறம், சென்சார் கால் மணி நேரம் பேசாவிட்டால் ஏசி என்ன செய்யும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.