'பக்கிள்': பூட்டா, முறிவா?

ஆங்கிலக் கவிஞர் ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ் 1877 மே மாதம், வேல்ஸில் குருத்துவப் பயிற்சியில் இருந்தபோது எழுதிய கவிதை 'த விண்ட்ஹோவர்'. விடியற்காலை, எதிர்க்காற்றைச் சமாளித்து வானில் நிற்கும் ஒரு வல்லூறு. ஒன்பதாம் வரியில் அழகு, வீரம், செயல், காற்று, பெருமிதம், சிறகு என அடுக்கிவிட்டு, பத்தாம் வரியின் தலையில் ஒரே ஒரு வினையை வைக்கிறார்: 'பக்கிள்!'

1930-ல் விமர்சகர் வில்லியம் எம்ப்சன் இந்தச் சொல்லுக்குள் இரண்டு பொருள்களைக் காட்டினார். ஒன்று பூட்டு: போர்வீரன் இறுக்கிக் கட்டும் இடைவார். மற்றது முறிவு: கோணிப்போய்ச் சுழல முடியாத சைக்கிள் சக்கரம். வாசகர்கள் இன்றும் அங்கேதான் பிரிகிறார்கள்.

'பூட்டு' என்போர் பக்கம் வலுவானதுதான். அடுத்த வரியிலேயே 'செவாலியே' என்ற விளி வருகிறது. கவசம் பூட்டிய குதிரைவீரன் கண்முன் நிற்கிறான். சிதறிக் கிடக்கும் குணங்களெல்லாம் ஒரே வாரில் இறுகுகின்றன. பறவை சிறகை மடக்கிக் கீழே பாய்வதைத்தான் சொல்கிறது என்று மூன்றாவதாக ஒரு கட்சியும் உண்டு. ஆனால் முதல் எட்டு வரிகளில் பாய்ச்சலே இல்லை, நிற்பதும் வட்டமிடுவதும்தான்.

நான் முறிவின் பக்கம். வினைக்கு அடுத்து வரும் 'ஆண்ட்' ('மேலும்' என்ற இணைப்புச் சொல்) முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கிறது. 'அப்போது' உன்னிலிருந்து வெடிக்கும் நெருப்பு கோடி மடங்கு அழகு, கோடி மடங்கு அபாயம் என்கிறார். வாரை இறுக்கினால் நெருப்பு ஏன் வெடிக்க வேண்டும்? கடைசி இரண்டு வரிகளைப் பாருங்கள்: நீலம் பாரித்து அணையும் தணல் விழுகிறது, உராய்ந்து புண்ணாகிறது, பிளக்கிறது, பிளந்த இடத்தில் பொன்னும் செந்தூரமும் தெரிகின்றன. கிறிஸ்துவுக்குக் காணிக்கையான கவிதையில் சிலுவையை மறந்துவிட்டு இந்த வரிகளைப் படிக்க முடியாது. உடைந்தால்தான் உள்ளே இருக்கும் ஒளி வெளியே வரும்.

பூட்டுக் கட்சிக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தணலுக்கு முன்னால் ஏர் வருகிறது. சால் வழியே சலிக்காமல் நடப்பதே அங்கே பளபளப்பைத் தருகிறது. அது முறிவல்ல, கட்டுப்பாடு. அதனால் இடைவாரை முழுசாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இரண்டாம் இடம் கொடுக்கிறேன்.

இலக்கணமும் இங்கே உதவாது. ஆங்கிலத்தில் 'பக்கிள்' ஏவலாகவும் இருக்கலாம், நிகழ்காலமாகவும் இருக்கலாம், வடிவம் ஒன்றே. பூட்டு என்றால் 'இறுகுங்கள்' என்ற கட்டளை பொருந்தும். முறிவு என்றால் 'நொறுங்குகின்றன' என்பதே சரி. யாரும் கட்டளையிட்டு நொறுங்குவதில்லை.