விண்டோஸ், மின்ட், மேக்: மூணையும் தினமும் ஓட்டிப் பாத்ததுல

என் பழைய லேப்டாப் ஏழாவது ஜெனரேஷன் இன்டெல், 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. விண்டோஸ் 11 போடணும்னா பொதுவா எட்டாவது ஜெனரேஷனாவது இருக்கணும், டிபிஎம் 2.0-ங்கற பாதுகாப்பு சிப் வேணும்னு சொல்லிட்டாங்க, 10-க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட சரின்னும் சொல்லிட்டாங்க, நல்லா ஓடிட்டு இருக்கிற மெஷின தூக்கிப் போட மனசு வரல, சரி பாதி டிஸ்க்க ஒதுக்கி லினக்ஸ் மின்ட்ங்கற இலவச ஓஎஸ் (ஆபரேட்டிங் சிஸ்டம்) போட்டுப் பாப்போம்னு ஆரம்பிச்சதுதான், ரெண்டு வருஷத்துக்கு மேல ஓடிடுச்சு. நடுவுல வேலைக்காக ஒரு எம்1 மேக்புக் ஏரும் கைக்கு வந்துச்சு.

பிரவுசர்ல உக்காந்துட்டா மூணும் ஒண்ணுதாங்க. மெயில், வீடியோ, வங்கிக் கணக்கு எல்லாம் எதுல பாத்தாலும் அதேதான், எந்த ஓஎஸ்ல இருக்கோம்ங்கறதே மறந்துடும். ஃபான்ட், பென்டிரைவ், பிரின்டர்னு பிரவுசர விட்டு வெளிய வந்தாதான் ஒவ்வொண்ணும் அதோட குணத்த காட்டும்.

வேகம் பத்தி கேப்பீங்க. மின்ட் போட்ட அன்னிக்கே நான் ஹார்ட் டிஸ்க்க எடுத்துட்டு அத விட வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்கும் மாட்டினேன், லேப்டாப் பறந்துச்சு, லினக்ஸ்னா லினக்ஸ்தான்னு பாக்குறவங்ககிட்ட எல்லாம் பெருமை பேசிட்டு இருந்தேன். அப்புறம் அதே எஸ்எஸ்டில இருந்த விண்டோஸ் 10-ஐ பூட் பண்ணிப் பாத்தா அதுவும் பறக்குது. அதனால ஓஎஸ் மாத்தினதுல வேகம் வந்துச்சுன்னு யாராவது சொன்னா டிஸ்க் என்னன்னு மொதல்ல கேளுங்க. ரேம் மட்டும் மின்ட்ல நிஜமாவே கம்மியா எடுக்குது.

எனக்குப் பெரிய தலைவலி தமிழ்தான். வேர்டுல லதா ஃபான்ட்ல நாலு பக்கத்துக்கு ஒரு லெட்டர் அடிச்சு வெச்சிருந்தேன், மின்ட்ல வேர்டு மாதிரி இருக்கிற லிப்ரே ஆஃபீஸ்ல தொறந்தா அஞ்சு பக்கம், அந்த அஞ்சாவது பக்கத்துல "இப்படிக்கு" மட்டும் தனியா நிக்குது. லதா விண்டோஸோட வர்ற ஃபான்ட், மின்ட்ல கிடையாது, அது இல்லைன்னா வேற தமிழ் ஃபான்ட்ட எடுத்துப் போட்டுக்கும், எழுத்து அகலம் மாறினா பக்கமும் மாறத்தானே செய்யும். இப்ப மூணு மெஷின்லயும் நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டு அதுலயே அடிக்கிறேன், ஃப்ரீதான். வெளிய அனுப்புறதா இருந்தா பிடிஎஃப். பாமினி ஃபான்ட் மாதிரி, யூனிகோட் (எல்லா மெஷினுக்கும் பொதுவான எழுத்து முறை) இல்லாத பழைய ஃபைல் இருந்தா அந்த ஃபான்ட் இல்லாத எந்த ஓஎஸ்லயும் வெறும் இங்கிலீஷ் கிறுக்கலாதான் தெரியும், யூனிகோடுக்கு மாத்தி வெச்சுடுங்க.

டைப்பிங் பாத்தீங்கன்னா விண்டோஸ்ல தமிழ் 99 கீபோர்ட் உள்ளயே இருக்கு, செட்டிங்ஸ்ல சேத்தா போதும். மேக்ல தமிழ் 99, இங்கிலீஷ் ஒலிப்புல அடிக்கிற அஞ்சல் ரெண்டும் இருக்கு. மின்ட்ல ஐபஸ், எம்17என்னு ரெண்டு பேக்கேஜ் போட்டு லாக் அவுட் பண்ணி உள்ள வரணும், ஒரு சாயங்காலம் அதுலயே போச்சு. போட்ட அப்புறம் பிரச்சனை இல்ல.

மேக் பேட்டரி விஷயத்துல அடிச்சுக்க ஆளே இல்ல, ஃபேனே கிடையாது, சத்தமே வராது. ஆனா கை பழகவே மாட்டேங்குது. ஃபைல தொறக்கலாம்னு என்டர் தட்டினா பேர மாத்தச் சொல்லுது! செவப்பு பட்டன அமுக்கினா விண்டோ மட்டும் போகும், ஆப் பின்னாடி ஓடிட்டே இருக்கும். விண்டோஸ்ல என்டிஎஃப்எஸ்ங்கற முறைல ஃபார்மட் பண்ணின பென்டிரைவ மேக்ல சொருகினா படிக்கலாம், எதையும் எழுத முடியாது. நான் டிரைவ்தான் போயிடுச்சுன்னு நெனச்சேன். உள்ள இருந்தத காப்பி எடுத்துட்டு எக்ஸ்ஃபேட்ங்கற முறைல ஃபார்மட் பண்ணின அப்புறம் மூணுலயும் ஒழுங்கா போகுது.

டூயல் பூட் (ஒரே மெஷின்ல ரெண்டு ஓஎஸ்) வெக்கிறவங்களுக்கு ரெண்டு விஷயம். மின்ட்ல இருந்து விண்டோஸ் போனா கடிகாரம் தப்பா காட்டும், மெஷின் கடிகாரத்துல மின்ட் யூடிசிங்கற உலகப் பொது நேரத்த வெக்கும், விண்டோஸ் அத லோக்கல் டைம்னு எடுத்துக்கும். மின்ட்லயும் லோக்கல் டைம்னு ஒரே ஒரு கமாண்ட்ல மாத்திடலாம். இன்னொண்ணு, விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருந்தா ஷட்டவுன் பண்ணாலும் அது முழுசா மூடாது, பாதித் தூக்கத்துல இருக்கும், அப்ப மின்ட்ல இருந்து அந்த டிரைவ்ல எழுத விடாது. இது தெரியாம பர்மிஷன் பிரச்சனைன்னு ரெண்டு நாள் மண்டைய ஒடச்சுக்கிட்டேன். மொத வேலையா அத ஆஃப் பண்ணிடுங்க.

இப்ப தினசரி எல்லாம் மின்ட்தான், வெளிய போனா மேக். விண்டோஸ் பக்கத்த அழிச்சிருப்பேன், ஸ்கேனர்தான் விடல. பிரின்ட் மின்ட்ல அழகா வருது, ஸ்கேனுக்கு அந்த கம்பெனிக்காரன் லினக்ஸ் டிரைவரே குடுக்கல. அதனால ஸ்கேன் பண்ண வேண்டியத எல்லாம் மேஜைல சேத்து வெச்சுக்கிட்டு, மாசத்துக்கு ஒருவாட்டி விண்டோஸ்ல பூட் பண்ணி, சப்போர்ட் முடிஞ்சதால நெட் கனெக்ட் பண்ணாமலே எல்லாத்தையும் ஒரே மூச்சுல ஸ்கேன் பண்ணி முடிச்சுட்டு திரும்பி வந்துடுறேன்.