இறால் ஓடா, பூஞ்சையா, பாக்டீரியாவா? குளுக்கோசமைன் தயாராகும் மூன்று வழிகள்

மூட்டுவலி மாத்திரையில் இருக்கும் குளுக்கோசமைன் எந்த வழியில் தயாரானாலும் மூலக்கூறு ஒன்றுதான். வித்தியாசம் தெரிவது ஆலையின் கழிவுநீர்த் தொட்டியில்.

பழைய வழி இறால் ஓடு. 1876-ல் லெடர்ஹோஸ் என்ற ஜெர்மானியர், ஓட்டுக்கு உறுதி தரும் கைட்டின் என்ற பொருளை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சிதைத்துக் குளுக்கோசமைனைக் கண்டுபிடித்தார். ஓட்டை நம்பும் ஆலைகள் இன்றும் அதைத்தான் செய்கின்றன. இறாலின் தலையும் ஓடும் உரித்த பிறகு மலையாகக் குவிகின்றன. அதைப் பயன்படுத்தும் முறைகளைக் கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் வகுத்துத் தந்திருக்கிறது. நீர்த்த அமிலத்தில் போட்டதும் ஓட்டின் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். காஸ்டிக் சோடாவில் புரதம் கழியும். மிஞ்சும் கைட்டினை அடர் அமிலத்தில் சூடாக்கினால் கருத்த குழம்பாகும். கரித்தூள் அந்த நிறத்தை உறிஞ்சிய பிறகே வெள்ளைப் படிகம் கிடைக்கும். ஓடு மலிவுதான். ஆனால் ஆசிட், காரம், அலசும் தண்ணீர் மூன்றும் கழிவாக நிற்கின்றன. அதைச் சுத்திகரிக்காத ஆலையின் மலிவு விலைக்குப் பக்கத்து ஊர்க் கிணறுதான் ஈடு கொடுக்கிறது.

சிட்ரிக் அமில ஆலைகளில் மிஞ்சும் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் பூஞ்சையிலும் கைட்டின் உண்டு. சுண்ணாம்பு இல்லாததால் முதல் அமிலக் குளியல் தேவையில்லை. சைவர்களுக்கும் இறால் ஒவ்வாதவர்களுக்கும் பொருத்தம். கைட்டின் அளவு குறைவு என்பதே குறை.

மூன்றாவது, மரபணு மாற்றிய ஈ.கோலை. குளுக்கோசமைன் அந்த பாக்டீரியாவின் வளர்ச்சியையே தடுக்கும், நடுநிலைக் கரைசலில் சிதைந்தும் போகும். அதனால் முதலில் என்-அசிட்டைல் குளுக்கோசமைனாகச் சுரக்க வைக்கிறார்கள். லிட்டருக்கு 110 கிராம் வரை எட்டியிருக்கிறார்கள். பிறகு அமிலத்தால் அசிட்டைல் பகுதியைக் கழற்றுகிறார்கள். ஓடு வரும் பருவத்துக்குக் காத்திருக்க வேண்டாம், தரமும் ஒரே சீராக இருக்கும். புதிதாக ஆலை போடுபவருக்கு நான் சொல்வது இதைத்தான். இறால் பதனிடும் ஆலைக்குப் பக்கத்தில், சுத்திகரிப்பு நிலையத்தோடு தொடங்குபவருக்கு மட்டும் ஓடு.

தயாராகும் குளுக்கோசமைனில் பெரும்பங்கு துணை உணவு மாத்திரைகளுக்குப் போகிறது. அசிட்டைல் வடிவம் சருமக் கிரீம்களுக்கும் போகிறது. வலி தீருமா என்பது தனி வழக்கு: 2006-ல் வெளியான அமெரிக்காவின் கெயிட் ஆய்வில், 1,583 பேரிடம் ஒட்டுமொத்தமாகப் பார்த்தபோது வெற்று மாத்திரையை விடக் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை.

வாங்குவோர் உப்பு வடிவத்தையும் பாருங்கள். ஹைட்ரோகுளோரைடில் 83 சதவீதம் குளுக்கோசமைன். சல்பேட் ஈரம் இழுக்கும் என்பதால் பொட்டாசியம் குளோரைடு சேர்ப்பார்கள். அதில் 59 சதவீதம்தான். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவர்கள் எந்த வடிவமானாலும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.