உலக முடிவுக்குப் போகும் வழியில் ஒரு சொப்பிங் பை

இந்தத் தை மாதம் ஊருக்குப் போனபோது, இலங்கையின் மத்திய மலைநாட்டில் உயரத்தில் இருக்கும் ஹோட்டன் சமவெளிப் பூங்காவுக்குப் போயே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவன் நான்தான். அப்பா ஹற்றனில் படிப்பித்த காலத்தில், 1981இல், எங்களை ஒருமுறை அங்கே கூட்டிக்கொண்டு போனார். இரவு ரயிலில் ஒஹிய வரை போய், விடியமுன் இறங்கி, டோர்ச் வெளிச்சத்தில் 11 கிலோமீற்றர் ஏறி நடந்தோம். அப்போது எங்களோடு தங்கியிருந்த பெரியம்மா வாழையிலையில் சோறு கட்டித் தந்திருந்தார். அங்கே உலக முடிவு என்று சொல்லும் செங்குத்துப் பாறையின் விளிம்பில் உட்கார்ந்து அந்தப் பொதியை அவிழ்த்தபோது வந்த வாசம், ரொறன்ரோவில் இத்தனை குளிர்காலம் கழித்தும் எனக்கு மறக்கவில்லை. அந்த இடத்தை என் மகளுக்குக் காட்ட வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

கனடாவில் மலைப் பூங்காவுக்குப் போவதென்றால் மாதக்கணக்கில் திட்டம் போடவேண்டும். பான்ஃபில் மொரெய்ன் ஏரிக்கு 2023இலிருந்து சொந்தக் காரில் போகவே முடியாது. பஸ்ஸில் இடம் பிடிக்கக் கணினி முன் காத்திருக்க வேண்டும். இங்கே அந்தத் தலையிடி இல்லை. வாசல் காலை ஆறு மணிக்குத் திறக்கும், நேரத்துக்குப் போய் நின்றால் சரி. ஆனால் அந்த நேரத்துக்குப் போவதுதான் முழு விஷயமும். வெயில் ஏற ஏறக் கீழே தாழ்நிலத்திலிருந்து ஈரக்காற்று மலைச்சுவரில் மோதி மேலே வரும். ஒன்பது, பத்து மணிக்குள் பள்ளத்தாக்கு முழுவதையும் முகில் மூடிவிடும். நுவரெலியாவிலிருந்து தூரம் 32 கிலோமீற்றர்தான், ஆனால் அந்த மலைப்பாதைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். நாலரைக்கு வெளிக்கிட வேண்டும் என்று வான் ஒழுங்கு செய்து தந்தவரிடம் மூன்று தடவை சொன்னேன். "ஆறு மணிக்குப் போனாலே காணும் அண்ணை" என்று சொல்லிவிட்டு, ஆறேகாலுக்குத்தான் வானை அனுப்பினார். குளிரில் பெரியம்மாவையும் மகளையும் தங்கியிருந்த இடத்து வாசலில் நிற்க வைத்துக்கொண்டு நான் பட்ட ஆத்திரத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சு கொதிக்கிறது. காலம் தாழ்த்தி வருவது ஒரு பிழை. ஆனால் அந்த மலைக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு, முகில் எப்போது வரும் என்று தெரிந்தும் ஆறு மணி காணும் என்று சொன்னதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்தக் கோபத்தோடுதான் ஃபார் இன் கட்டடத்தடிக்கு வந்து சேர்ந்தேன். நடைபாதை தொடங்கும் இடத்தில் ஒரு மேசை. பைகளைத் திறக்கச் சொன்னார்கள். இதுவேறு தாமதமா என்று எனக்கு எரிச்சல் வந்தது.

பெரியம்மாவின் சாப்பாட்டுப் பையில் எல்லாமே சொப்பிங் பைகளில்தான், அதாவது மெல்லிய பிளாஸ்டிக் பைகளில்தான் இருந்தன. பாண் ஒன்றில், சம்பல் ஒன்றில், அவித்த முட்டை ஒன்றில், பிறகு நாலு பிஸ்கட் பக்கற். மேசைக்குப் பின்னால் நின்ற இளைஞன் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். பிஸ்கட் உறையைக் கிழித்து, பிஸ்கட்டுகளை ஒன்றுகூட உடையாமல் கடதாசிப் பைக்கு மாற்றினார். தண்ணீர்ப் போத்தல்களில் ஒட்டியிருந்த பெயர்த்தாள்களை உரித்தெடுத்தார். பெரியம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "தம்பி, சம்பலைக் கடதாசியில கட்டினா ஊறிப்போகும்" என்றார். அந்த இளைஞன் சிங்களம் கலந்த தமிழில், "கோபிக்க வேண்டாம் அம்மா. மரைமான் இதைத் தின்றால் செத்துப்போகும்" என்று சொல்லி, சம்பலுக்கு மட்டும் இரண்டு கடதாசியை மடித்து வைத்துப் பக்குவமாகக் கட்டிக் கொடுத்தார். எங்களுக்குப் பின்னால் நின்ற வெள்ளைக்காரருக்கும் அதே சோதனை, அதே பொறுமை.

கனடாவில் எங்கள் அல்கொன்கின் பூங்காவிலும் காட்டின் உட்பகுதிக்குத் தகரப் பேணியும் கண்ணாடிப் போத்தலும் கொண்டுபோகக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் என் பையை அங்கே யாரும் திறந்து பார்த்ததில்லை. அறிவித்தல் பலகை இருக்கும், மீதியை நம் மனச்சாட்சிக்கு விட்டுவிடுவார்கள். இங்கே ஒரு மனிதன் குளிரில் நின்று, விறைத்த விரல்களால் போத்தல் போத்தலாகத் தாள் உரிக்கிறான். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இந்த மேட்டிலிருந்துதான் நீர் போகிறது. அந்த உறைகள் பறந்து ஓடைகளில் விழுந்தால் எங்கெல்லாம் போய்ச் சேரும் என்று நினைத்துப் பார்த்தேன். என் எரிச்சல் அப்போதே அடங்கிவிட்டது.

நடைபாதை ஒரு சுற்று, சுமார் 9 கிலோமீற்றர். பெரியம்மாவால் நடக்க முடியாது, அவர் ஃபார் இன்னடியிலேயே இருந்துவிட்டார். நானும் மகளும் உலக முடிவை அடைந்தபோது பத்து மணி தாண்டிவிட்டது. 800 மீற்றருக்கும் மேலே செங்குத்தாக இறங்கும் அந்தப் பாறைக்கு முன்னால் வெள்ளைத் திரைதான் தெரிந்தது. அரை மணி நேரம் நின்றோம். "அப்பா, கீழ என்ன இருக்கு?" என்று மகள் கேட்டாள். தேயிலைத் தோட்டம், அதற்கப்பால் காடு, குளம், வானம் தெளிந்திருந்தால் கடல்கூடத் தெரியும் என்று வாயால் சொல்லிக் காட்டினேன். எனக்குத் தொண்டை அடைத்தது.

பேக்கர் நீர்வீழ்ச்சியைப் பார்த்துக்கொண்டு திரும்பி வந்தபோது பெரியம்மா வாங்கிலில் உட்கார்ந்திருந்தார். ஒரு பெரிய மரை தன் பக்கத்திலேயே வந்து, மடியிலிருந்த பையை மோந்து பார்த்ததாம். அதை வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கதை முடிந்ததும் மேசையடிப் பக்கம் திரும்பிப் பார்த்து, "அந்தப் பிள்ளை சரியாத்தான் செய்தது" என்றார்.

போகிறவர்களுக்கு ஒன்று. தை முதல் பங்குனி வரை போங்கள், முதல் நாளே ஒஹிய அல்லது பட்டிப்பொலப் பக்கம் போய்த் தங்குங்கள், வானை நம்பி நுவரெலியாவில் காத்திருக்காதீர்கள். நாங்கள் அடுத்த வருடமும் போகிறோம். வாழையிலை தன் பொறுப்பு என்று பெரியம்மா சொல்லிவிட்டார்.