பழைய ஜீப்பின் முள் ஆட்டமும் டிடி-830டி மல்டிமீட்டரும்

சென்னை ரிச்சி தெருவில் பல கம்பெனிப் பெயர்களில் தொங்கும், வோல்ட்டும் ஓமும் அளக்கும் டிடி-830டி மல்டிமீட்டர், சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும் பொருள். வீட்டிலேயே வண்டி வேலை பார்த்த பின் டேஷ்போர்டு முட்கள் தாறுமாறாக ஆடத் தொடங்கினால், காரணத்தைக் கண்டுபிடிக்க இது போதுமா என்று பலர் கேட்பதால் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். தாராளமாகப் போதும். ஆனால் இதை வாங்குகிறவர்கள் பெரிதும் நம்பும் பீப் ஒலி வசதி (இரு முனைகளுக்கும் இடையே இணைப்பு இருந்தால் ஒலிப்பது), இந்த வேலையில் ஆளைத் திசைதிருப்பிவிடும்.

சோதித்துப் பார்க்க வாய்த்தது என் மைத்துனரின் பழைய டீசல் ஜீப். அவர் எஞ்சின் பகுதிக்குத் தாமே பெயிண்ட் அடித்து, டேஷ்போர்டு பல்புகளையும் எல்இடியாக மாற்றியிருந்தார். அதன் பிறகு ஹெட்லைட் போட்டால் எஞ்சின் சூடு காட்டும் முள் நகர்ந்தது. இண்டிகேட்டர் போட்டால் அதன் டிக் டிக் ஒலிக்கேற்ப டீசல் முள்ளும் துடித்தது. இரண்டு முட்கள் ஒரே சமயத்தில் கெட்டால், டீசல் அளவை உணரும் டேங்க் யூனிட்டையும் எஞ்சினில் உள்ள சென்சாரையும் சந்தேகிப்பதற்கு முன், இரண்டுக்கும் பொதுவான எர்த்தையும் (மின்னோட்டம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை) சப்ளை வயரையும் பார்ப்பதே முறை. அவரோ புது டேங்க் யூனிட் வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

முதலில் அவரே மீட்டரைப் பீப் நிலையில் வைத்து, பேட்டரி நெகட்டிவையும் வண்டியின் பாடியையும் தொட்டார். கணீரென்று ஒலித்தது. “எர்த் சரியாத்தானே இருக்கு மாமா?” என்றார். அந்த நிலையில் மீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தையே அனுப்பிப் பார்க்கிறது. அறுந்துபோன எர்த் வயரில் ஓர் இழை மிச்சமிருந்தாலும் அதற்குப் போதும். 200 ஓம் அளவுக்கு மாற்றினாலும் பயனில்லை, ஏனென்றால் அதில் காட்டக்கூடிய மிகச் சிறிய படி 0.1 ஓம்தான், மீட்டரின் இரு வயர்களையும் ஒன்றோடொன்று தொட்டாலே அதைவிடக் கூடுதலாகக் காட்டிவிடும்.

இந்த மீட்டரின் உண்மையான பலம் 20 வோல்ட் டிசி அளவில் இருக்கிறது. கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயத் தலையிலேயே (கிளாம்பில் அல்ல) ஊன்றி, சிவப்பு முனையைப் பாடியில் பெயிண்ட் இல்லாத ஓர் இடத்தில் வைத்தபோது, விளக்குகள் அணைந்திருக்கையில் 0.02 என்று காட்டியது. ஹெட்லைட்டைப் போட்டதும் 0.91-க்கு ஏறியது. எர்த் பக்கத்தில் 0.2 வோல்ட்டைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். 60 வாட் பல்புகள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 10 ஆம்பியர் இழுக்கின்றன என்று கொண்டால், இந்த இழப்புக்குக் காரணமான தடை 0.09 ஓம் அளவே. ஓம் அளவில் கண்ணுக்கே தெரியாத கோளாறு, சுமை ஓடும்போது வோல்ட்டாக வெளிப்பட்டுவிடுகிறது.

எஞ்சினிலிருந்து பாடிக்கு வரும் பின்னல் எர்த் பட்டையைக் கழற்றிப் பார்த்தோம். அதன் வளையத்துக்கு அடியில் புதுப் பெயிண்ட் பளபளவென்று தடிப்பாக இருந்தது. போல்ட்டின் மரை மட்டுமே இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. எமரித் தாளால் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிந்த பின் முடுக்கியதும் 0.05, இரண்டு முட்களும் அடங்கின.

ஆனால் எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டிய இடத்தில் 12.4 மட்டுமே இருந்தது. ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதித்த பிறகே ஏறியது. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய ஆல்டர்னேட்டர்கள் பலவற்றில், டேஷ்போர்டில் உள்ள சார்ஜ் எச்சரிக்கை பல்பின் வழியாகச் செல்லும் மின்னோட்டமே ஆல்டர்னேட்டரைத் தொடக்கிவைக்கிறது. எல்இடி அந்த அளவு மின்னோட்டத்தை விடாது. அந்த ஒரு இடத்தில் மட்டும் பழைய இழைப் பல்பைத் திருப்பிப் போட்டதும் சார்ஜ் சரியாகிவிட்டது.

குறைகளும் உண்டு. கூடவே தரும் வயர்கள் மெல்லியவை, போனட்டுக்குள் வேலை செய்ய நீளம் பற்றாது. திரை நொடிக்கு இரண்டு மூன்று முறையே புதுப்பிக்கப்படுவதால், ஸ்டார்ட் செய்யும் கணத்தில் வோல்ட் விழுவதை முழுமையாகப் பிடிக்க முடியாது. உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி தளர்ந்தால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. அந்த நிலையில் சார்ஜ் ஆகாத வண்டியும் சார்ஜ் ஆவதுபோலத் தோன்றும். 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸ் கிடையாது. அதில் வயரைச் செருகி மறந்துவிட்டு வண்டி பேட்டரியைத் தொட்டால், மீட்டர் வயர் உருகிக் கையைச் சுடும். மஞ்சள் கனெக்டர் கொண்ட ஏர்பேக் இணைப்புகளில் இதை மட்டுமல்ல, எந்த மல்டிமீட்டரையும் ஓம் அளவில் வைத்துத் தொடக் கூடாது.

டேங்க் யூனிட்டைச் சோதிக்க மட்டும் ஓம் அளவு கைகொடுக்கிறது. யூனிட்டை வெளியே எடுத்து, மிதவையைக் கையால் மெல்ல உயர்த்தும்போது எண் சீராக மாற வேண்டும். நடுவே திடீரென்று 1 என்று (இணைப்பு விட்டுப்போனதன் குறி) காட்டினால் உள்ளே கம்பிச் சுருள் தேய்ந்துவிட்டது என்று பொருள். மைத்துனரின் யூனிட் சீராகவே இருந்தது. மீட்டரை வாங்குகிறவர்கள் அதே கடையில் கிளிப் வைத்த தடித்த வயர் ஒரு ஜோடியும், நல்ல 9 வோல்ட் பேட்டரி ஒன்றும் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம்.